மலையகத்து விருந்தினரிடம் கொழும்பு கேட்பதும் கேட்காததும்

கொழும்பில் ஒரு தமிழ் அலைவரிசையின் காலை நிகழ்ச்சிக்குச் சில ஆண்டுகள் கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அறிவிப்பாளர் கையில் வைத்திருக்கும் சின்ன அட்டைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றில் இருப்பதை அநேகமாக வேறொருவர் முதல் நாள் இரவு உட்கார்ந்து எழுதியிருப்பார். விருந்தினர் யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் என்றால் அவருடைய நூல்களைத் தேடிப் புரட்டிவிட்டு எழுதுவேன். மட்டக்களப்பிலிருந்து கூத்துக் கலைஞர் வந்தால் வடமோடிக்கும் தென்மோடிக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்பேன். தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள் இருக்கும் மலையகத்திலிருந்து ஒருவர் வருகிறார் என்றால், அவர் மருத்துவராக இருக்கட்டும், கவிஞராக இருக்கட்டும், முதல் அட்டையில் ஒரே கேள்விதான்: "தோட்டத்தில் பிறந்து, அத்தனை கஷ்டங்களுக்கு மத்தியிலும் இந்த நிலைக்கு எப்படி உயர்ந்தீர்கள்?"

அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் ஏணிக் கேள்வி. கேட்பவர் மனதில் மரியாதைதான் இருக்கும். விருந்தினரும் சந்தோஷமாகப் பதில் சொல்வார். அப்பா கொழுந்து மலையில் வேலை செய்தார், அம்மா கூடை சுமந்தார், குப்பி விளக்கில் படித்தேன், ஓர் ஆசிரியர் கைதூக்கிவிட்டார், இன்று இங்கே இருக்கிறேன். ஐந்து நிமிடத்தில் கதை முடிந்துவிடும். இந்தக் கதையில் தோட்டம் எதற்காக வருகிறது என்று கவனியுங்கள். ஏறி வந்த ஏணியின் அடிப்படியாக மட்டும் அது வருகிறது. அங்கே என்ன இருந்தது, யார் இருந்தார்கள், எந்தச் சாமியைக் கும்பிட்டார்கள், எதைச் சொல்லிச் சிரித்தார்கள் என்பதெல்லாம் கதைக்குத் தேவைப்படாமல் போய்விடுகிறது.

மற்றச் சமூகங்களுக்கு இந்த இழப்பு ஓரளவு தாங்கக்கூடியது. யாழ்ப்பாணத்தாருக்கு அச்சகங்கள் இருந்தன, பாடசாலை மலர்கள் இருந்தன, ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்குக் 'கல்வெட்டு' என்ற நினைவு நூல் அச்சடிக்கும் வழக்கம் இருக்கிறது. ஒரு சாதாரண தபால் அதிபரின் வாழ்க்கையும் எங்கோ ஒரு சிறு புத்தகத்தில் பதிந்திருக்கும். மலையகத் தமிழரின் முன்னோர் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த 200 ஆண்டு நிறைவு 2023 இல் நினைவுகூரப்பட்டது. அவர்கள் வந்த வழியிலேயே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். அந்த 200 ஆண்டுகளில் பெரும்பகுதிக்கு எழுத்தில் கிடைப்பது என்ன? வேலைக்கு வந்தவர்களைப் பதியும் செக்ரோல் புத்தகம், ஆட்களைத் திரட்டி வேலை வாங்கிய கங்காணியின் கடன் கணக்கு, தோட்டத் துரைமார் எழுதிய கடிதங்கள், அரசாங்க அறிக்கைகள். எல்லாம் மற்றவர்கள் அவர்களைப் பற்றி எழுதியவை. அவர்களே சொன்னது பெரும்பாலும் வாய்மொழியில்தான் இருக்கிறது: பாட்டில், ஒப்பாரியில், கூத்தில், வயதானவர்களின் ஞாபகத்தில். ஆகவே ஒரு மலையகத்து முதியவரைக் கமரா முன் இருத்தி மைக்கைச் சட்டையில் செருகும் அந்த அரை மணித்தியாலம், நாம் நினைப்பதைவிடப் பெரிய பொறுப்பு.

இதைப் புரிந்துகொள்ளக் கொழும்புத் தொலைக்காட்சி வளர்ந்த விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இலங்கையில் முதல் ஒளிபரப்பு 1979 ஏப்ரல் 13 ஆம் திகதி ஐ.ரீ.என். மூலம் தொடங்கியது. தனியார் முயற்சியாகத் தொடங்கிய அதைச் சில வாரங்களிலேயே அரசாங்கம் பொறுப்பேற்றது. ஜப்பானிய உதவியோடு அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 இல் வந்தது. தமிழுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் சொற்பம். மலையில் அப்போது தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் பலவற்றில் மின்சாரம் கிடையாது. கார் பெட்டரியில் ஓடும் ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டியைச் சுற்றி லயமே கூடியிருக்கும். அந்தப் பெட்டியில் தங்களைப் போன்ற ஒருவரைப் பார்ப்பது அவர்களுக்கு அபூர்வம். பார்த்தால் அது அநேகமாக சௌமியமூர்த்தி தொண்டமானாக இருக்கும். 1978 முதல் அமைச்சராக இருந்தவர், தோட்டத் தொழிற்சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர். 1999 இல் அவர் மறையும் வரை தொலைக்காட்சியைப் பொறுத்தவரை மலையகத்தின் முகம் அவர்தான். மலையகத்தவர் ஒருவர் திரையில் தோன்றினால் சம்பளம், சங்கம், பேச்சுவார்த்தை என்றே பேச வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அந்தக் காலத்தில்தான் உருவானது என்பது என் கணிப்பு.

எழுத்தாளர்களைப் பொறுத்தவரை காலம் கைகொடுக்கவில்லை. 1947 இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்றவரும், தேயிலைத் தோட்ட வாழ்வை ஆங்கிலக் கவிதையாக உலகுக்குச் சொன்னவருமான சி.வி. வேலுப்பிள்ளை 1984 இல் காலமானார். ரூபவாஹினிக்கு அப்போது இரண்டு வயது. மலையகச் சிறுகதையின் முன்னோடிகளில் ஒருவரான என்.எஸ்.எம். இராமையா 1990 இல் போனார். அரை மணித்தியாலச் செவ்வி என்ற வடிவமே தமிழ் ஒளிபரப்பில் ஊன்றாத நேரம் அது. இவர்கள் பேசிய விதத்தை, குரலின் ஏற்ற இறக்கத்தை, இடையில் நிறுத்தி யோசித்ததை இன்றைய பிள்ளைகள் பார்க்க வழியில்லை என்று நினைக்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

1998 இல் சக்தி தொலைக்காட்சி வந்த பிறகுதான் நாள் முழுவதும் தமிழ் என்ற நிலை ஏற்பட்டது. காலை நிகழ்ச்சிகள், நேரடித் தொலைபேசி அழைப்புகள், அரசியல் விவாதங்கள் எல்லாம் பெருகின. ஐ.ரீ.என். குடையின்கீழ் 2009 இல் வசந்தம் தொடங்கியது. அதன் 'தூவானம்' போன்ற கலை இலக்கிய நிகழ்ச்சிகளில் எழுத்தாளர்கள் ஆறுதலாகப் பேச இடம் கிடைத்தது. ரூபவாஹினியின் தமிழ் அலைவரிசையான நேத்ராவும் இருந்தது. மலையகத்தில் தொலைக்காட்சிக்கு எவ்வளவு செல்வாக்கு என்பதற்கு ஓர் உதாரணம் போதும். சக்தியின் 'மின்னல்' அரசியல் நிகழ்ச்சியை நடத்திய ஜே. ஸ்ரீரங்கா 2010 பொதுத் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்திலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். கேள்வி கேட்டவரையே மக்கள் தங்கள் பிரதிநிதியாக அனுப்பினார்கள். திரையில் யார் என்ன கேட்கிறார்கள் என்பதை மலை அவ்வளவு கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

இனி விருந்தினர் எப்படித் தெரிவாகிறார் என்ற சங்கதிக்கு வருகிறேன். பார்ப்பவர்களுக்குத் தெரியாத பகுதி இதுதான்.

தயாரிப்பாளரிடம் ஒரு தொலைபேசிப் பட்டியல் இருக்கும். அதில் உள்ளவர்களில் முக்கால்வாசிப் பேர் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, வத்தளை, தெஹிவளை வாசிகள். காலை ஏழு மணிக்குக் கலையகத்தில் இருக்க வேண்டும் என்றால் அவர்களால்தான் முடியும். ஹட்டனிலிருந்து பஸ்ஸில் கொழும்புக்கு நான்கு, ஐந்து மணித்தியாலம். முதல் நாளே இறங்கி வந்து எங்கேயாவது தங்க வேண்டும். பயணச் செலவுக்கும் அறைக்கும் நிகழ்ச்சியில் பணம் இல்லை. விருந்தினருக்குக் கிடைப்பது ஒரு தேநீர், ஒரு நினைவுப் பரிசு, சில சமயம் அதுவும் இல்லை. இதன் விளைவு, கொழும்பில் குடியேறிவிட்ட மலையகத்தவரே திரும்பத் திரும்ப வருகிறார்கள். பதுளையில், பண்டாரவளையில், இரத்தினபுரிப் பக்கத்து இறப்பர் தோட்டங்களில், மாத்தளையில், களுத்துறை மாவட்டத்தில் இருப்பவர்கள் வருவதில்லை. நேயர்களுக்கு மலையகம் என்றால் நுவரெலியா என்றாகிவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம். கொழும்பில் இருப்பவர்களையே கூப்பிடுவதால் 'ஏறி வந்த கதை' தானாகவே முதன்மையாகிறது. ஏறி வராதவர், தோட்டத்திலேயே இருந்து நாற்பது வருடம் காமன் கூத்துப் பழக்கியவர், பட்டியலிலேயே இல்லை.

இன்னொரு வழி, நிகழ்வை ஒட்டிய அழைப்பு. கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் நூல் வெளியீடு என்றால் அந்தக் கிழமை நூலாசிரியர் காலை நிகழ்ச்சிக்கு வருவார். மே தினம் என்றால் தொழிற்சங்கத்தவர். தோட்டச் சம்பளம் பற்றிய பேச்சு சூடாகும்போது மட்டும் மலையகத்தவருக்குத் திடீர்க் கிராக்கி. நாளுக்கு ஆயிரம் ரூபாச் சம்பளம் என்ற கோரிக்கை பல ஆண்டுகள் இழுபட்டு 2021 இல் சம்பள நிர்ணயச் சபை மூலம் தீர்மானமானது. அந்த ஆண்டுகளில் எந்த மலையகத்தவர் வந்தாலும் அந்தக் கேள்வி வராமல் விடாது. ஓவியம் பற்றிப் பேச வந்த ஓர் இளைஞரிடம் அதே கேள்வியை நானே அட்டையில் எழுதிக் கொடுத்தேன். அவர் ஒரு கணம் தயங்கி, தன் தாயின் நாட்சம்பளத்தைச் சொன்னார். பிறகு ஓவியத்துக்குத் திரும்ப நேரம் இருக்கவில்லை.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரை மணித்தியால நிகழ்ச்சியில் விளம்பரம், தலைப்பிசை, வாழ்த்துக் குறிப்பு எல்லாம் போனால் இருபத்திரண்டு நிமிடம் மிஞ்சும். அதில் விருந்தினரை அறிமுகப்படுத்த இரண்டு நிமிடம். எட்டுக் கேள்வி என்று கணக்குப் போட்டால் ஒரு பதிலுக்கு இரண்டரை நிமிடம் வரும். தோட்டத்துப் பெரியவர்கள் கதை சொல்லும் முறை இரண்டரை நிமிடத்துக்குள் அடங்காது. அவர்கள் ஊரைச் சொல்லி, தோட்டத்தின் பிரிவான டிவிசனைச் சொல்லி, லயத்தைச் சொல்லி, பக்கத்துக் காம்பராவில், அதாவது அடுத்த லய அறையில், இருந்தவரைச் சொல்லித்தான் விசயத்துக்கு வருவார்கள். சுற்றி வளைக்கிறார் என்று தயாரிப்பாளர் காதுக்குள் கத்துவார். உண்மையில் அவர் வளைக்கவில்லை. கதை நடந்த இடத்தை முதலில் கட்டிவிட்டுத்தான் ஆட்களை உள்ளே விடுகிறார்.

மொழிக்கு வருவோம். இதில்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

கொழும்புக் கலையகத் தமிழ் ஒரு கலவை. செய்திக்கு எழுத்துத் தமிழ், உரையாடலுக்கு யாழ்ப்பாணச் சாயலும் தென்னிந்தியத் தொலைக்காட்சிச் சாயலும் சேர்ந்த ஒன்று. மலையகத்துப் பேச்சு இந்த இரண்டோடும் ஒட்டாது. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்த பேச்சில், சிங்களமும் ஆங்கிலமும் தோட்ட நிர்வாகமும் கலந்து இருநூறு வருடம் ஊறி உருவான பேச்சு அது. பிரட்டு (காலை ஆட்கணக்கு), கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிச் சீராக்குதல்), மட்டக்கம்பு, படங்கு, தொங்கல், பீலி, பிள்ளைக்காம்பரா (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), அரைப்பேர். இந்தச் சொற்களில் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வரலாறு இருக்கிறது. 'அரைப்பேர்' என்றால், சொன்ன அளவு கொழுந்து எடுக்காத பெண்ணுக்கு அன்றைய நாள் முழு நாளாகப் பதியப்படவில்லை என்று பொருள். ஒரு மனிதரின் நாளைப் 'பேர்' என்று எண்ணும் ஏற்பாடு அது. ஒரு சமூகத்தின் உழைப்பு எப்படி அளக்கப்பட்டது என்பதை இந்த ஒரு சொல்லை வைத்தே ஒரு நிகழ்ச்சி முழுக்கப் பேசலாம்.

கலையகத்தில் என்ன நடக்கிறது? விருந்தினர் ஒப்பனை அறையில் இருக்கும்போது தன் பேச்சில் பேசிக்கொண்டிருப்பார். "தம்பி, எங்க தோட்டத்துல பெரட்டுக்களம் கோயிலுக்குக் கீழ இருந்திச்சி" என்பார். சிவப்பு விளக்கு எரிந்ததும் அதே மனிதர், "எமது பெருந்தோட்டத்தில் தொழிலாளர்கள் காலையில் ஒன்றுகூடும் இடம்" என்று தொடங்குவார். லயம் 'குடியிருப்புத் தொகுதி' ஆகும். துரை 'முகாமையாளர்' ஆவார். யாரும் அவரை இப்படிப் பேசச் சொல்லவில்லை. ஆனால் எதிரே இருப்பவர் தூய தமிழில் கேட்கும்போது தன் பேச்சு கேலிக்கு உள்ளாகுமோ என்ற பயம் அவருக்கு இருக்கிறது. அந்தப் பயத்துக்கு நியாயமான காரணமும் உண்டு. கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலைக்கு வந்த மலையகத்துப் பிள்ளைகள் பேச்சை வைத்தே அடையாளம் காணப்பட்டு, 'தோட்டக்காட்டான்' என்று அழைக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. முற்றாகப் போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன். அந்தக் காயத்தோடு கலையகத்துக்குள் வருகிறவரிடம், முதல் கேள்வியிலேயே நாம் ஏணியைக் காட்டினால் அவர் தன் பேச்சையும் கீழே விட்டுவிட்டுத்தான் மேலே ஏறுவார்.

திரையின் அடியில் ஓடும் பெயர்ப் பட்டியும் இதே சங்கதிதான். இந்தியத் தமிழர், இந்திய வம்சாவளித் தமிழர், மலையகத் தமிழர் என்று மூன்று விதமாகப் போடுவார்கள். 2012 குடிசனக் கணக்கெடுப்பில் 'இந்தியத் தமிழர்' என்ற தலைப்பின் கீழ் 8 இலட்சத்து 39 ஆயிரம் பேர் பதிவானார்கள். தன்னை எப்படி அழைக்க விரும்புகிறார் என்று விருந்தினரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பட்டியை எழுதினால் போதும்.

பெயரைப் பற்றிப் பேசும்போது எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பை நினைக்காமல் இருக்க முடியாது. 1934 இல் ஊவாவில் பிறந்தவர், 2022 இல் காலமானார். தெளிவத்தை என்பது அவர் ஆசிரியராக இருந்த தோட்டத்தின் பெயர். இலக்கிய விருது ஒன்று 2013 இல் தமிழகத்திலிருந்து அவரைத் தேடி வந்த பிறகு இங்கேயும் அங்கேயும் அவரைச் செவ்வி கண்டவர்கள் பலர். அவரிடம் கேட்கத்தக்க முதல் கேள்வி அவருடைய பெயரிலேயே இருந்தது. அந்தத் தோட்டம் எப்படி இருந்தது, அங்கே யார் உங்கள் பிள்ளைகள், பாடசாலைக்கு எத்தனை காம்பரா என்று தொடங்கினால் அவர் மணிக்கணக்கில் பேசக்கூடியவர். மலையக இலக்கிய வரலாற்றை விரல் நுனியில் வைத்திருந்தவர். மாத்தளை சோமுவைப் போல இன்னும் பலர் தோட்டத்தையோ ஊரையோ பெயருக்கு முன் சூடிக்கொண்டிருக்கிறார்கள். விட்டு வந்த இடம் என்று நாம் நினைப்பதை அவர்கள் பெயரோடு சேர்த்தே கொண்டுவருகிறார்கள்.

புகழ் மிகப் பெரிதானால் நேர்மாறான ஒன்று நடக்கிறது. 1972 இல் கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரன் 2010 ஜூலையில் காலி மைதானத்தில் 800 ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தார். அவருடைய பாட்டனார் இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். முரளிதரனிடம் பந்தை எறிகிறாரா வீசுகிறாரா என்ற சர்ச்சையைக் கேட்பார்கள், அரசியல் கருத்தைக் கேட்பார்கள். பாட்டனார் எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார், வீட்டில் அவரைப் பற்றி என்ன சொல்வார்கள் என்று கேட்கும் தமிழ்ச் செவ்வி என் கண்ணில் படவில்லை. ஒருவர் உலகப் புகழ் பெற்றதும் ஏணியே காணாமற் போய்விடுகிறது; அவர் பிறந்ததிலிருந்தே மேலே இருந்தவர் போல ஆகிவிடுகிறார்.

பெண்கள் இன்னும் குறைவு. கொழுந்து எடுப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் பெண்கள். தோட்டத்துத் தொழிற்சங்க வரலாற்றின் தொடக்கத்திலேயே மீனாட்சியம்மாள் இருக்கிறார், கணவர் கோ. நடேசய்யருடன் சேர்ந்து மேடைக்கு மேடை பாட்டாகப் பாடித் தொழிலாளரைத் திரட்டியவர், 1940 இல் தன் பாட்டுகளை அச்சிட்டவர். நாவல் எழுதிய கோகிலம் சுப்பையா இருக்கிறார். இருந்தும் மலையகத் தமிழ்ப் பெண்கள் பாராளுமன்றத்துக்குத் தெரிவாக 2024 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது: பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேல், நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வி. அப்போது ஊடகங்கள் அவர்களைத் தேடிப் போயின. அரசியலுக்கு வெளியே, மருத்துவிச்சியாக, பிள்ளைக்காம்பரா ஆயாவாக, ஒப்பாரி சொல்வதில் பேர்பெற்றவராக இருக்கும் பெண்களைத் தேடி கமரா போனதை நான் அபூர்வமாகத்தான் கண்டிருக்கிறேன்.

இவ்வளவு சொல்கிறவர் என்ன கேட்க வேண்டும் என்றும் சொல்ல வேண்டுமல்லவா. எனக்கு முன்மாதிரி சி.வி. வேலுப்பிள்ளைதான். அவர் தோட்டம் தோட்டமாகப் பாட்டுகளைக் கேட்டுச் சேர்த்து 1983 இல் நூலாகக் கொடுத்தார். படித்த மனிதர், பாராளுமன்றத்தில் இருந்தவர், லயத்துக் காம்பரா வாசலில் உட்கார்ந்து, "இந்தப் பாட்டைத் திரும்பச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தால்தான் அந்தத் தொகுப்பு உருவாகியிருக்க முடியும். எதிரில் இருப்பவருக்குத் தெரிந்த ஒன்று தனக்குத் தெரியாது என்ற எண்ணத்தோடு கேட்பது அது. ஏணிக் கேள்வியில் அந்த எண்ணம் இல்லை. பதில் என்னவென்று கேட்பவருக்கு ஏற்கெனவே தெரியும்.

வயது எழுபதைத் தாண்டிய மலையகத்தவர் எவரிடமும் கேட்கக்கூடிய ஒரு கேள்வி இருக்கிறது: "உங்களுக்கு எந்த வயதில் பிரஜாவுரிமை கிடைத்தது?" 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுடைய பெற்றோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டு 1974 இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். எஞ்சியிருந்தவர்களின் பிரச்சினைக்கு 2003 இல்தான் சட்டம் வந்தது. அரச உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்கவும், கடவுச்சீட்டு எடுக்கவும், வாக்குப் போடவும் பிரஜாவுரிமைப் பத்திரம் வேண்டியிருந்தது. ஆகவே 'எந்த வயதில்' என்று கேட்டால் ஒரு முழு வாழ்க்கை வெளியே வரும்: எந்த வேலை கைநழுவியது, எந்தக் கச்சேரி (மாவட்ட அரச அலுவலகம்) வாசலில் எத்தனை நாள் நின்றார்கள், விண்ணப்பத்தை யார் எழுதிக் கொடுத்தார்கள். என் ஆண்டுகளில் அப்படி ஒரு அட்டையை நான் எழுதவே இல்லை.

அடுத்தது, "உங்கள் வீட்டில் யார் யார் போனார்கள்?" இந்தியாவுக்குப் போகும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு மலையில் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர். மேடையில் நிற்பவர்களும் பெட்டிக்குள் இருப்பவர்களும் கட்டிப்பிடித்து அழுத அழுகையில் வந்த பெயர். தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல். அண்ணன் போய்த் தம்பி தங்கிய வீடுகள், மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு பெற்றோர் போன வீடுகள் ஏராளம். இன்று நீலகிரியில், கூடலூரில், கோத்தகிரியில் அவர்களுடைய உறவுகள் இருக்கிறார்கள், அங்கேயும் தேயிலைதான். கொழும்புத் திரையில் தோன்றும் மலையகத்துப் பிரமுகர் எவருக்கும் இந்தப் பிரிவு வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கும். தனி மனிதரின் 'வெற்றிப் பயணம்' என்று நாம் தலைப்புப் போடும் கதைக்குள், போனவர்கள் யாரும் இல்லை.

சின்னக் கேள்விகளும் வேண்டும். பிரட்டுக்கு எழுப்பியது மணியா, கொம்பா, தப்புப் பறையா? தேயிலை ஸ்டோரின் யந்திரத்தைக் காக்கும் ரோதைமுனிக்கு என்ன படைத்தார்கள்? கவ்வாத்துக் காலத்தில் கவ்வாத்துச்சாமியை எங்கே வைத்தார்கள்? இவற்றுக்குப் பதில் சொல்லக்கூடியவர்களின் தலைமுறை குறைந்துகொண்டே போகிறது.

பதிவு செய்ததைப் பாதுகாப்பது தனிப் பிரச்சினை. ஒளிநாடா காலத்தில் நாடா விலை கூடியது. பழையதன் மேல் புதியதைப் பதிவது உலகெங்கும் பல தொலைக்காட்சி நிலையங்களின் வழக்கமாக இருந்தது. எஞ்சிய நாடாக்களும் நம்முடைய ஈரக் காற்றில் பூஞ்சணம் பிடிக்கும். அவற்றை ஓட்டும் யந்திரங்களும் கிடைப்பதில்லை. இப்போது எல்லாம் கோப்புகள்தான், ஆனால் கோப்பும் அழியும். சேமிப்பு வட்டு நிறைந்தால் முதலில் போவது பழைய காலை நிகழ்ச்சி. 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனம் தமிழ் நூல்களோடு வாய்மொழி வரலாறுகளையும் ஒலி, ஒளிப் பதிவுகளையும் எண்ணிமப்படுத்திப் பொதுவில் வைக்கிறது. அலைவரிசைகள் தம்மிடமுள்ள செவ்விகளில் ஒரு பிரதியை அங்கே கொடுத்தாலே பாதி வேலை முடியும். ஒளிபரப்பிய இருபத்திரண்டு நிமிடத்தை மட்டும் கொடுக்காமல், வெட்டாத முழுப் பதிவையும் கொடுக்க வேண்டும்.

வெட்டாத பதிவு என்று அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் எங்கள் நிகழ்ச்சிக்கு வந்தார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். முதல் அட்டைக்கு எல்லோரையும் போலவே பதில் சொன்னார். இடையில் அறிவிப்பாளர் தற்செயலாக, அட்டையில் இல்லாமல், காலையில் எத்தனை மணிக்கு எழும்புவீர்கள் என்று கேட்டார். மாஸ்டரின் முகம் மாறியது. கலையகத் தமிழ் போய்விட்டது. "தப்புச் சத்தத்துக்குத்தான் எந்திரிப்போம். எங்கப்பாதான் தப்படிக்கிறவரு. பெரட்டுக்கு அடிக்கிற அடி வேற, சாவுக்கு அடிக்கிற அடி வேற. தூக்கத்துலயே தெரியும் இன்னைக்கு வேலையா, எளவான்னு. அடிச்சிக் காட்டவா?" என்று முன்னால் இருந்த மேசைக்குக் கையை நீட்டினார். அந்த நேரம் விளம்பர இடைவேளை வந்துவிட்டது. இடைவேளைக்குப் பிறகு அறிவிப்பாளர் அடுத்த அட்டைக்குப் போனார். அதில் நான் எழுதியிருந்தது, இளைய சமுதாயத்துக்கு நீங்கள் கூற விரும்புவது என்ன என்பது.

தன் தகப்பன் தப்படித்தவர் என்று ஒருவர் பொதுவெளியில் சொல்வது எவ்வளவு பெரிய விசயம் என்று தோட்டத்துச் சாதி வழமைகளை அறிந்தவர்களுக்குத் தெரியும். அதைத்தான் அவர் அன்று சொன்னார், அதற்குள்தான் நாங்கள் சவர்க்கார விளம்பரத்தைப் போட்டோம். மாஸ்டர் இப்போது இல்லை. அவர் இறந்து சில மாதங்களில் மகள் அந்த நிகழ்ச்சியின் பிரதியைக் கேட்டு வந்தார். தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை.

மகள் கொடுத்த விலாசத்தை வைத்து அண்மையில் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். மாஸ்டரின் சித்தப்பா மகன் ஒருவர், எண்பதை நெருங்கியவர், இன்னமும் அந்த லயத்தில் இருக்கிறார். தப்பு அவரிடம் இல்லை. தோல் கிழிந்து எத்தனையோ வருடம். வாசல் பலகையில் விரலால் அடித்துக் காட்டினார், முதலில் பெரட்டு அடி, பிறகு சாவு அடி, பிறகு யாரும் கேட்காமலே காமன் கூத்துக்கு அடிப்பது. கைபேசியில் பதிந்தேன், மொத்தம் பதினொரு நிமிடம். ஆறாவது நிமிடத்தில் நிறுத்தி, "இது தப்பாப் போச்சி, திரும்ப அடிக்கிறேன் இருங்க தம்பி" என்கிறார்.